மகளிர் மல்யுத்தத்தின் முதல் வாசல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், நம் நாட்டு மல்யுத்த வீராங்கனைகளைப் பற்றிய செய்திகளைத் தவறாமல் படித்துவருகிறேன். இந்தியாவில் மகளிர் மல்யுத்தம் பிறந்த கதை, பெரும்பாலும் ஹரியாணாவின் பலாலி கிராமத்து மகாவீர் சிங் போகாட்டில் தொடங்கி அவருடைய மகள்களோடு முடிந்துவிடுகிறது. அவர் பெற்ற புகழ் முற்றிலும் நியாயமானது. ஆனால் அவருக்குக் குருவாக இருந்து, அவருக்கு முன்பே அந்தப் பாதையில் நடந்த மாஸ்டர் சந்த்கி ராமின் பெயரை நம் பத்திரிகைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

1937-இல் ஹிசார் மாவட்டத்துச் சிசாய் கிராமத்தில் பிறந்த அவர், சிறிது காலம் ராணுவத்தில் இருந்தார். பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றினார். 'மாஸ்டர்' என்ற பெயர் அதனால் ஒட்டிக்கொண்டது. இரு தோள்களும் மண்ணில் படும்வரை புரண்டு போராடும் கோதா மல்யுத்தத்தில் 'ஹிந்த் கேசரி', 'பாரத் கேசரி' பட்டங்களை வென்றவர், பிடிக்குப் பிடி புள்ளி கணக்கிடும் மெத்தை மல்யுத்தத்துக்கும் தம்மைப் பழக்கிக்கொண்டு, 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். 1969-இல் அர்ஜுனா விருதும் 1971-இல் பத்மஸ்ரீயும் அவரைத் தேடி வந்தன. டெல்லியில் யமுனைக் கரையில் அவர் அமைத்த பயிற்சிக்கூடத்தில் இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்த அளவிலேயே நின்றிருந்தாலும் அவர் பெரிய மனிதராகவே நினைக்கப்பட்டிருப்பார்.

நான் மதிப்பது அதற்குப் பின் அவர் செய்ததை. அனுமனை வணங்கிப் பிரம்மசரியம் காக்கும் இடமாகவே வட இந்தியப் பயில்வான்கள் தங்கள் கோதாவைக் கருதினார்கள்; அந்த மண்ணில் பெண் கால் வைப்பதே தீட்டு என்று நம்பியவர்கள் அவர்களில் பலர். ஒலிம்பிக்கில் மகளிர் மல்யுத்தம் 2004 ஏதென்ஸ் போட்டியில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, 1990-களின் பிற்பகுதியில், அறுபது வயதை எட்டிய சந்த்கி ராம் தம் மகள்கள் சோனிகாவையும் தீபிகாவையும் கோதாவில் இறக்கினார். சக பயில்வான்களும் ஊராரும் எதிர்த்தார்கள். வாழ்நாள் முழுவதும் எந்தச் சமூகத்தின் மரியாதையைச் சம்பாதித்தாரோ, அதே சமூகத்தின் ஏச்சை முதிய வயதில் வாங்கிக்கொள்ள அவர் தயங்கவில்லை.

வயதுக்கு வந்த பெண்ணைக் கபடி ஆட அனுப்புமாறு பெற்றோரிடம் கெஞ்சி, பலமுறை வெறுங்கையோடு திரும்பியவன் நான். உடலோடு உடல் மோதும் ஒரு விளையாட்டுக்கு, பயிற்சித் துணைக்குப் பெண்களே கிடைக்காமல் ஆண் பிள்ளைகளோடு பொருதிப் பழக வேண்டிய காலத்தில், பிறர் மகளை அழைக்கும் முன் தம் மகளை நிறுத்திய அவருடைய செயலின் எடை எனக்குப் புரிகிறது. ஊர்ப் பெரியவர்களிடம் எத்தனை சொற்பொழிவு ஆற்றினாலும் அந்த நம்பிக்கையை உண்டாக்கியிருக்க முடியாது என்றே கருதுகிறேன். சோனிகா பின்னாளில் 'பாரத் கேசரி' பட்டம் வென்றார். குருவின் முன்மாதிரியைக் கண்ட மகாவீர் தம் ஊரில் மகள்களுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார்.

2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டியில் மகாவீரின் மகள் கீதா, இந்திய மகளிர் மல்யுத்தத்துக்கு அந்தப் போட்டிகளின் முதல் தங்கத்தை வென்றார். அதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன், ஜூன் 29 அன்று, சந்த்கி ராம் அதே டெல்லியில் காலமாகியிருந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. 2016 ரியோவில் சாக்ஷி மாலிக் பெற்ற ஒலிம்பிக் வெண்கலத்தையோ, 2022-இல் இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண்ணாக, சந்த்கி ராமின் சொந்த ஹிசார் மாவட்டத்து அந்திம் பங்கால் உயர்ந்ததையோ அவர் பார்க்கவில்லை.

ஜூன் 29 அவருடைய நினைவு நாள். வரும் ஆண்டு அந்த நாளில் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில், அவரிடம் தொடக்கத்தில் பயின்ற பெண்களின் நேர்காணலோடு ஒரு முழுக் கட்டுரை வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மதுரை.