டிசைனரைப் பூச்சு வேலைக்கு முன்பே கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புது வீட்டுக்கு இன்டீரியர் டிசைனர் தேவையா என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தேவை என்றவர்கள் அழகைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள், தேவையில்லை என்றவர்கள் செலவைப் பற்றி. வீடுகளுக்கு வயரிங் செய்வது என் தொழில். நான் பார்த்தவரை பாதிச் சிக்கல், டிசைனரை எப்போது கூப்பிடுகிறோம் என்பதில்தான் வருகிறது. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

பெரும்பாலும் சுவர் பூசி, டைல்ஸ் ஒட்டி, பெயின்ட்டும் ஒரு கை அடித்த பிறகுதான் அவர் உள்ளே வருகிறார். சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டிலை எதிர்ச்சுவருக்கு மாற்றலாம் என்கிறார். அவர் சொல்வது நியாயமாகவே இருக்கும். காலை வெயில் நேராக முகத்தில் அடிக்காது. ஆனால் கட்டிலின் இரு பக்கமும் இருக்க வேண்டிய பிளக்கும், படுத்தபடியே விளக்கை அணைக்கும் டூவே சுவிட்சும் பழைய சுவரில் கிடக்கின்றன. உடனே எனக்குப் போன் வரும். பூசிய சுவரில் காடி வெட்டிப் புதுக் குழாய் பதிக்க வேண்டும். வீடு முழுக்கத் தூசி. எவ்வளவு பட்டி பார்த்தாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த ஒட்டு தெரியத்தான் செய்யும். அலமாரி விஷயமும் இப்படித்தான். ஹேங்கரில் சட்டை தொங்க சுமார் 2 அடி ஆழம் வேண்டும். அதை யோசிக்காமல் வைத்த சுவிட்ச் போர்டு, அலமாரி வந்ததும் அதன் பின்னால் மறைந்துவிடும்.

ஆகவே டிசைனரை வைப்பதென்றால், சுவர் எழும்பியதுமே, வயரிங்குக்கும் பிளம்பிங்குக்கும் முன்பே வையுங்கள். பூச்சு முடிந்துவிட்டதா? அப்புறம் விவரம் தெரிந்த ஒரு தச்சரே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும் என்பேன்.

ஒரு வீட்டில் அப்படி முன்கூட்டியே வந்த டிசைனர் அம்மாவைப் பார்த்தேன். கையில் சாக்பீஸ். வெறும் செங்கல் சுவரில் சமையல் மேடை, ஃபிரிட்ஜ், ஸிங்க் எல்லாவற்றையும் கோடு போட்டார். வீட்டுப் பாட்டியை அங்கே நிற்கச் சொல்லிக் கையைத் தூக்க வைத்து, எட்டும் உயரத்தில் மேல் தட்டுக்குக் கோடு இழுத்தார். யாராவது இடது கைப் பழக்கக்காரரா என்றும் கேட்டார். பிறகு என்னிடம் கொடுத்த வரைபடத்தில் ஒவ்வொரு பாயின்ட்டும் தரையிலிருந்து எவ்வளவு, சுவர் மூலையிலிருந்து எவ்வளவு என்று இருந்தது. அடுப்புக்கு நேர் மேலே பிளக் இல்லை, ஸிங்கை ஒட்டியும் இல்லை. பாத்திரம் கழுவும் மெஷினுக்கான பிளக்கைப் பக்கத்து கேபினட்டுக்குள் காட்டியிருந்தார். மெஷினுக்குப் பின்னால் வைத்தால், பழுது பார்க்க வரும்போது மெஷினையே வெளியே இழுக்க வேண்டும். மின்சார ஓவனுக்குக் கனமான வயரில் தனி லைனும் குறித்திருந்தார். எனக்குக் கேள்வியே மிஞ்சவில்லை. இப்படிப்பட்டவருக்குக் கொடுக்கும் சம்பளம் வீண் இல்லை.

வேறு சிலர் கம்ப்யூட்டரில் செய்த 3டி படத்தை மட்டும் அனுப்புகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு ஆணிகூடச் சரியான இடத்தில் அடிக்க முடியாது. ஃபால்ஸ் சீலிங்கில் ஓடும் எல்இடி ஸ்ட்ரிப்புக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் என்ற சின்னப் பெட்டியை எங்கே வைப்பது என்று கேட்டால், "நீங்களே பார்த்து வையுங்கள்" என்பார்கள். அந்த டிரைவர் ஒரு நாள் பழுதாகும். கைவிட்டு எடுக்க மூடி இல்லாவிட்டால் சீலிங்கைத்தான் அறுக்க வேண்டும். (எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வரைபடம் இல்லாத இடத்தில், குழாய் எங்கே சுலபமாக இறங்குகிறதோ அங்கே பாக்ஸைப் பதித்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய.)

சம்பளத்தைப் பற்றியும் ஒன்று. மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று வாங்குகிறவருக்குச் செலவைக் குறைக்கச் சொல்ல மனசு வருமா? கடைகளிடம் கமிஷன் வாங்குவாரா என்பதையும் முதல் நாளே வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது. வரைபடத்துக்கு மட்டும் ஒரு தொகை பேசிக்கொண்டு, வேலையை நமக்குத் தெரிந்த ஆட்களை வைத்து முடிப்பவர்களும் இருக்கிறார்கள். சின்ன வீடு, மேஜை கட்டில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, தினமும் வந்து நிற்க நேரமும் இருக்கிறது என்றால் டேப்பை எடுத்து நீங்களே அளந்து எழுதிக் கொடுக்கலாம். அதுவும் எங்களுக்கு வரைபடம்தான்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, வரவேற்பறைப் புகைப்படங்களோடு அளவு குறித்த ஒரு மின்பாயின்ட் வரைபடத்தையும் அச்சிட முடியுமா? எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று வீடு கட்டுகிறவர்கள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
வயரிங் தொழிலாளி ஒருவர்