ராஜிக்கு, டிராம் விஷயமாக

மயிலாப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் நாலு மாசமாக மேஜை மேலேயே கிடக்கிறது. தினமும் கண்ணில் படும், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிவிடுவேன். கோபமாக இருப்பாய், தெரியும். இவருக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கைத்தடியே வேண்டாம் என்று இப்போதே வீம்பு பிடிக்கிறார். சுதாவுக்குப் பெண் குழந்தை, இரண்டு பேரும் சௌக்கியம். ரங்கநாயகி மாமி போய்ச் சேர்ந்தாள், தொண்ணூற்று மூன்று வயது, கல்யாணச் சாவு. மீதியைப் போனில் பேசிக்கொள்ளலாம். இன்றைக்கு நான் எழுத உட்கார்ந்தது டிராமைப் பற்றி.

ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் இதுதான். ஆங்கில விக்கிப்பீடியாவில் டிராம் கட்டுரைகளுக்குத் தரம் போடுகிறேன். முப்பத்தோரு வருஷம் நூலகத்தில் புத்தகத்துக்கு எண் போட்ட கை, சும்மா இருக்குமா?

நீ கட்டுரையை மட்டும்தான் படித்திருப்பாய். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு பேச்சுப் பக்கம் இருக்கிறது. அதன் தலைமாட்டில் ஒரு பட்டை, அந்தப் பட்டையில் இரண்டு மதிப்பீடுகள். ஒன்று தரம்: ஸ்டப், அதாவது குறுங்கட்டுரை என்பதில் ஆரம்பித்து ஸ்டார்ட், சி, பி என்று ஏறிப்போகும். பி வரைக்கும் என்னைப் போல யார் வேண்டுமானாலும் படித்துப் பார்த்துப் போடலாம். அதற்கு மேலே 'நல்ல கட்டுரை' என்று பெயர் வாங்க, அதை எழுதாத வேறொருவர் உட்கார்ந்து வரி வரியாகப் பரிசோதிக்க வேண்டும். சிறப்புக் கட்டுரை ஆக வேண்டுமென்றால் பல பேர் கூடி அலச வேண்டும். இரண்டாவது மதிப்பீடு முக்கியத்துவம்: டாப், ஹை, மிட், லோ. கட்டுரை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, அந்த விஷயம் எவ்வளவு பெரியது என்பதுதான் கேள்வி. இந்த ஏற்பாடெல்லாம் எதற்காக வந்தது தெரியுமா? இணையம் இல்லாதவர்களுக்கு நல்ல கட்டுரைகளாகப் பொறுக்கிக் குறுவட்டில் கொடுக்கலாம் என்று நினைத்தார்கள், 2007ல் ஏறக்குறைய 2,000 கட்டுரைகளோடு ஒன்று வெளியிட்டும் விட்டார்கள். குறுவட்டு போய்விட்டது, மதிப்பெண் மட்டும் நிலைத்துவிட்டது.

ஜெயா டீச்சர் மாதிரி மூன்றரை மார்க் போடுவாயா என்று நீ கேட்பது இங்கே கேட்கிறது. போடமாட்டேன். ஆனால் ராஜி, அவளைப் பற்றி நாம் அன்றைக்கு அவ்வளவு பேசியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. ஒழுங்காக மார்க் போடுவது எவ்வளவு சிரமம் என்று இப்போதுதான் தெரிகிறது. பி போடுவதற்கு ஆறு விஷயம் பார்க்க வேண்டும். சொன்னதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறதா, முக்கியமானது எதுவும் விட்டுப்போயிருக்கிறதா, பத்தி பிரித்தது ஒழுங்காக இருக்கிறதா, மொழி சுத்தமா, படமும் வரைபடமும் உண்டா, டிராமே பார்க்காத பிள்ளைக்கும் புரியுமா. ஒரு கட்டுரையைப் பிடித்தால் அடிக்குறிப்பு ஒவ்வொன்றையும் திறந்து, அங்கே நிஜமாகவே அப்படித்தான் எழுதியிருக்கிறதா என்று பார்த்து முடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆகிறது. தரத்தைக் கணித்துச் சொல்ல இப்போது ஒரு மென்பொருளும் இருக்கிறது. நீளம் எவ்வளவு, மேற்கோள் எத்தனை என்று நொடியில் எண்ணிவிடும், அந்த மேற்கோளில் உள்ளதும் கட்டுரையில் உள்ளதும் ஒன்றுதானா என்பது அதற்குத் தெரியாது. அதைக் கண்ணால் படித்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நம் மெட்ராஸ் டிராமைப் பற்றிப் பேச்சு வந்தது. முக்கியத்துவம் என்ன போடுவது என்று பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர், யாரென்று தெரியாது, எந்த ஊரோ, "மூடிப்போன டிராம், பாதையும் சின்னது, லோ போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மரியாதையாகத்தான் எழுதினார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீயே சொல். மெட்ராஸில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது 1895 மே மாதம். அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரத்தில் ஃபிராங்க் ஸ்பிரேக் என்பவர் ஊர் முழுக்க மின்சார டிராமை ஒழுங்காக ஓட்டிக் காட்டியது 1888ல். ஏழே வருஷத்தில் இங்கே வந்துவிட்டது. லண்டன் தெருவில் மின்சார டிராம் நிலையாக ஓடத் தொடங்கியது 1901ல், உங்கள் கல்கத்தாவில் 1902, பம்பாயில் 1907. உங்கள் ஊரில் 1873லேயே சியால்டாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரைக்கும் டிராம் ஓடியது என்று சண்டைக்கு வருவாய், அது குதிரை இழுத்தது, அதுவும் அந்த நவம்பரிலேயே ஆள் ஏறாமல் நின்றுவிட்டது, எல்லாம் எனக்கு மனப்பாடம். மெட்ராஸில் முதலில் கம்பியை மேலே கட்டாமல் தண்டவாளத்துக்கு நடுவே பள்ளம் எடுத்து மின்சாரத்தை அதற்குள் கொண்டுபோனார்கள். நம் ஐப்பசி மழையை நினைத்துப் பார். பள்ளத்துக்குள் தண்ணீர் போய், கடைசியில் மேலே கம்பி இழுக்க வேண்டியதாயிற்று. இந்த ஒரு சங்கதிக்காகவே அந்தக் கட்டுரையை உலகத்தில் டிராம் படிக்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும் என்பேன். ஒரு ஊரில் நன்றாக வேலை செய்கிற யந்திரம் இன்னொரு ஊர் மழையில் என்ன ஆகும் என்பது எவ்வளவு பெரிய பாடம்!

மூடிப்போனது என்பதையும் காரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. வேல்ஸ் நாட்டில் ஸ்வான்ஸீ–மம்பிள்ஸ் பாதை, 1807ல் காசு வாங்கிக்கொண்டு மனிதர்களைத் தண்டவாளத்தில் ஏற்றிப் போனது, குதிரை இழுத்தது. அது 1960ல் மூடிவிட்டது. ரிச்மண்டே 1949ல் மூடிவிட்டது. அவற்றைத் தள்ளிவிட்டு டிராம் வரலாறு எழுத முடியுமா? பாதையின் நீளத்தை வைத்து அளந்தால் மெல்போர்னுக்கு 250 கிலோமீட்டர், அதன் பக்கத்தில் எந்த ஊரும் நிற்க முடியாது. மெல்போர்ன் டாப் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நீளம்தான் அளவுகோல் என்பதில்தான் ஆட்சேபணை.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறாய் என்று இவர்கூடக் கேட்டார். தரமும் முக்கியத்துவமும் சேர்ந்து ஒரு கட்டம் போட்ட அட்டவணையாக வருகிறது, ராஜி. பக்கவாட்டில் தரம், மேலே முக்கியத்துவம். அதில் முக்கியத்துவம் அதிகம், தரம் குறைவு என்று ஒரு மூலை உண்டு. வேலை செய்ய வருகிறவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது அந்த மூலையைத்தான். 'லோ' என்று போட்ட குறுங்கட்டுரை அந்த மூலையில் வரவே வராது, யாரும் திறக்க மாட்டார்கள், திறக்காததால் அது குறுங்கட்டுரையாகவே கிடக்கும், பத்து வருஷம் கழித்து இன்னொருவர் வந்து பார்த்து, இவ்வளவு சின்னக் கட்டுரை என்றால் சின்ன விஷயம்தான் போலிருக்கிறது என்று மறுபடியும் லோ போடுவார். பாட்னாவில் 1903 வரைக்கும் குதிரை டிராம் ஓடியது, கான்பூரில் 1907லிருந்து 1933 வரை மின்சார டிராம், நாசிக்கிலும் இருந்தது. டிராம் இன்னும் ஓடுகிற ஊர்க்காரர்களுக்குப் படம் எடுக்கவும் எழுதவும் ஆள் இருக்கிறது, ஓடி நின்றுபோன ஊர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

அதற்காகத் தரத்தை ஏற்றிப் போடச் சொல்ல மாட்டேன். அதில் நான் கறார். கீழ் வீட்டுப் பெரியவர், 84 வயது, லஸ்ஸில் டிராம் ஏறினவர். டிரைவர் காலால் மிதித்து மணி அடிப்பாராம், எப்படி என்று என் வீட்டுத் தரையில் குதிகாலால் இரண்டு தடவை தட்டிக் காட்டினார். டக், டக். மூன்றாவது தடவை தட்டப் போனவர் அப்படியே நிறுத்திவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அவர் சொன்னதையெல்லாம் அன்று ராத்திரி ஆசையாகக் கட்டுரையில் சேர்த்துவிட்டேன், காலையில் எழுந்து நானே எடுத்தும் விட்டேன். அச்சில் வந்த ஆதாரம் இல்லை. எடுக்கக் கை வரவில்லைதான், ஆனால் அவர் சொல்லலாம் என்றால் அடுத்த தெருக்காரர் வேறு மாதிரி சொல்வார், யாருடையதை வைத்துக்கொள்வது? அதனால் சி போட வேண்டிய இடத்தில் பாசத்துக்காக பி போடமாட்டேன், ஸ்டார்ட் என்றால் ஸ்டார்ட்தான். குறைந்த தரம், அதிக முக்கியத்துவம் என்று நேர்மையாகப் போட்டால்தான் வேலை நடக்கும்.

இப்போது உன் ஊர். 2024 செப்டம்பரில் எஸ்பிளனேடு–மைதான் பாதையை மட்டும் வைத்துக்கொண்டு மீதி டிராமை நிறுத்தப் போவதாக அரசாங்கம் சொன்னபோது நீ போனில் அழுதாய், எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, வானிலையைப் பற்றிப் பேசினேன். மன்னித்துவிடு. இன்றைக்கு கல்கத்தா டிராம் டாப்பா ஹையா என்று விவாதிக்கிறவர்கள், நாளைக்கு அதுவும் நின்றுபோனால் "மூடிப்போனது" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்களோ என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

1953ஐ எடுத்துக்கொள். ஏப்ரல் 12ல் மெட்ராஸில் டிராம் நின்றது. அதே வருஷம் ஜூலையில் உங்கள் ஊரில் இரண்டாம் வகுப்பு டிராம் கட்டணத்தை ஒரு பைசா ஏற்றினார்கள், அன்றைய பைசா என்றால் நம் காலணா, அந்தக் காலணாவுக்காக ஊரே தெருவில் இறங்கியது. அடுத்த வருஷம் அக்டோபரில் ஜீபனானந்த தாஸ், அவ்வளவு பெரிய கவி, ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராமில் அடிபட்டு எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போனார். நீ தினமும் காய்கறி வாங்கப் போகிற ரோடு. இதெல்லாம் டிராம் கட்டுரையில் வரலாமா, இல்லை கவியின் கட்டுரையில் மட்டும்தானா என்று கேட்பவர்கள் உண்டு. வரலாம் என்றுதான் நான் சொல்வேன். டிராம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது பாதி சங்கதிதான். காலணாவுக்காக ஊர் கொதித்தது என்றால் அந்த ஊருக்கு டிராம் என்னவாக இருந்தது என்று அங்கே தெரிகிறது.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. நாற்பது வருஷமாக அங்கே இருக்கிறாய், வங்காளம் சரளமாகப் படிக்கிறாய், மீன்காரனோடு சண்டை போட மட்டும் அது பயன்பட்டால் போதுமா? ஆதாரம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை, வங்காளத்தில் இருந்தாலும் தமிழில் இருந்தாலும் செல்லும். 1953 போராட்டத்தைப் பற்றி வங்காளத்தில் வந்த புத்தகம் ஏதாவது உங்கள் பக்கத்து நூலகத்தில் கிடைக்குமா பார். புத்தகத்தின் பெயர், எழுதியவர், பதிப்பகம், வருஷம், பக்க எண், இந்த ஐந்தும் வேண்டும். பக்க எண்ணை மறக்காதே, அது இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. நான் இந்த வியாழக்கிழமை கன்னிமாரா போகிறேன், 1953 ஏப்ரல் தமிழ்ப் பத்திரிகைகளைக் கேட்டுப் பார்க்கப் போகிறேன். அந்தக் கடைசி நாளைப் பற்றி அச்சில் ஏதாவது கிடைத்தால், டிரைவர் கால்மணி பற்றி ஒரு வரி கிடைத்தாலும், முதலில் கீழ் வீட்டுப் பெரியவருக்குப் படித்துக் காட்டிவிட்டு அப்புறம் உனக்கு எழுதுகிறேன்.

படமும் வேண்டும். தண்டவாளம் ரோட்டில் தெரிகிற மாதிரி, கடைகளும் சேர்ந்து வருகிற மாதிரி, விடியற்காலையில் வண்டிகள் குறைவாக இருக்கும்போது எடு. நீயே எடுத்ததாக இருக்க வேண்டும், யாரோ வாட்ஸப்பில் அனுப்பியதை ஏற்ற முடியாது. தேதியை எழுதி வை. தார் போட்டு மூடிவிடப் போகிறார்கள் என்று நீ பயப்பட்டாயே, அந்த இடத்தை முதலில் எடுத்துவிடு.

மாவடு இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது, சுதா மாமனார் அந்தப் பக்கம் வருகிறார், அவரிடம் ஒரு ஜாடி கொடுத்து அனுப்புகிறேன்.

உன்,
லலிதா