மோடத்தை மாற்றும் முன் லைனைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு டயல்-அப் இணையச் சேவையை நிறுத்திய பிறகு, தரவை ஒலியாக்கித் தொலைபேசி லைனில் அனுப்பும் டயல்-அப் மோடத்தின் காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். வீட்டில் இணையம் பார்ப்பதைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் திருட்டு எச்சரிக்கைப் பெட்டி, பழைய கார்டு தேய்க்கும் கருவி, ஃபேக்ஸ், ஆளில்லாத பம்ப் நிலையத்தின் கண்காணிப்புப் பெட்டி, இணையம் படுத்துவிட்டால் ரூட்டருக்குள் நுழைய வைத்திருக்கும் மாற்று வழி என்று பல இடங்களில் மோடம் இன்னும் தொலைபேசி லைனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் கோளாறு வந்தால் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். அதனால் எடுத்த எடுப்பில் மோடத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டுகிறார்கள். புதியதும் அதே இடத்தில் நிற்கிறது. கோளாறு பெரும்பாலும் மோடத்தில் இல்லை என்று சொல்லவே இந்தக் கடிதம்.

முதல் சோதனைக்குக் காது போதும். மோடத்தில் செருகியிருக்கும் அதே வயரை ஒரு சாதாரண தொலைபேசியில் செருகி, ரிசீவரை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்றுவிடும். அடுத்த சில விநாடிகள் லைன் மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தைத்தான் கேட்க வேண்டும். கரகரவென்று வந்தால் எங்கோ ஒரு ஜாயின்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது செம்பில் பச்சை பிடித்திருக்கிறது. சீரான ரீங்காரம் கேட்டால் இரண்டு கம்பிகளில் ஒன்று எங்கோ எர்த் ஆகிறது. மழை நாளில் மட்டும் சத்தம் கூடினால் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நாம் பேசுவதற்கு இந்தச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. மோடமோ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையுள்ள குறுகிய இடத்துக்குள் எல்லாத் தகவலையும் திணித்தாக வேண்டும்.

சுவர் சாக்கெட்டின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். திருகுக்கு அடியில் சுற்றிய கம்பியில் பச்சைப் பொடி ஒட்டியிருந்தால் அந்த நுனியை வெட்டி எறிந்து, புதுச் செம்பு மினுங்கும்வரை உறையை உரித்து மறுபடி இறுக்குங்கள். மணி அடிக்கும் நேரத்தில் அந்தக் கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். லைனை வெளிப்பெட்டியில் கழற்றிவிட்டுச் செய்வது நல்லது. அதே லைனில் இணையாக மாட்டிய எக்ஸ்டென்ஷன் போன்களையும் பதில் பதிவுக் கருவியையும் ஒருமுறை முழுவதுமாக எடுத்துவிட்டுச் சோதியுங்கள். மோடத்தின் பின்னால் 'லைன்', 'போன்' என இரண்டு துளைகள் இருக்கும். சுவரிலிருந்து வரும் வயர் 'லைன்' துளைக்குள்தான் போக வேண்டும். மாறிச் செருகினாலும் சில மோடங்களில் டயல் டோன் வரும் என்பதால் இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது.

லைன் சுத்தமாக இருந்தும் 'டயல் டோன் இல்லை' என்று மோடம் சொன்னால், அதற்குத் தெரிந்த டோன் வரவில்லை என்று பொருள். அலுவலக எக்ஸ்சேஞ்சின் டோன் வேறு மாதிரி இருக்கும். வாய்ஸ் மெயில் காத்திருந்தால் டோன் விட்டுவிட்டு ஒலிக்கும். மோடத்துக்குக் கட்டளை அனுப்பும் டெர்மினல் நிரலில் ஏடிஎக்ஸ்3 என்று கொடுத்தால் (கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்) டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். வெளி லைனுக்கு 0 அல்லது 9 அழுத்த வேண்டிய இடத்தில் அந்த எண்ணுக்குப் பின் ஒரு காற்புள்ளி போடுங்கள். ஒரு காற்புள்ளிக்கு வழக்கமாக 2 விநாடி இடைவெளி. கால் வெயிட்டிங் இருந்தால் அதன் 'பீப்' சத்தத்திலேயே இணைப்பு அறுந்துவிடும். அந்த வசதியை நிறுத்த முடியாவிட்டால் மறுமுனையின் ஒலி மறைந்தால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று மோடத்துக்குச் சொல்லும் எஸ்10 என்ற பதிவேட்டைக் கூட்டிப் பாருங்கள். பல மோடங்களில் அது 14, அதாவது 1.4 விநாடி, 50 என்று வைத்தால் 5 விநாடி பொறுத்துக்கொள்ளும்.

அடுத்தது, இரண்டு மோடங்களும் வேகத்தைப் பேசி முடிவு செய்யும் அந்தக் கீச்சொலிக் கட்டம். 56 கே மோடம் வாங்கியும் விநாடிக்கு 31200 பிட்டில்தான் இணைகிறது என்று வருந்துபவர்களுக்கு: தொலைபேசி நிலையம் குரலை விநாடிக்கு 8000 முறை, முறைக்கு 8 பிட்டாக அளந்து 64000 பிட்டாக்குகிறது. 56 கே வேகத்துக்காக 1998-இல் வந்த வி.90 முறை இந்த அளவீட்டின் மீதே ஏறிச் செல்கிறது. வழியில் இன்னொரு முறை அனலாக் ஆகி மீண்டும் டிஜிட்டல் ஆனால் அந்த உத்தி பலிக்காது, மோடங்கள் வி.34 என்ற முந்தைய முறைக்கு இறங்கும், அதன் உச்சமே 33600. மோடத்தைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. இரண்டு முனையும் நெடுநேரம் கத்திவிட்டு இணையாமல் விட்டால் உச்ச வேகத்தை நீங்களே குறைத்து வையுங்கள். கார்டு கருவிகள் பல 1200 அல்லது 2400-ல் இணைவது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு: சில நூறு பைட் அனுப்ப, சட்டென்று கைகுலுக்கி முடிக்கும் மெதுவான முறையே லாபம்.

விண்டோஸில் வரும் பிழை எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். 680 டயல் டோன் இல்லை, 676 லைன் பிஸி, 678 மறுமுனை எடுக்கவில்லை. 691 வந்தால் மோடமும் லைனும் தம் வேலையை முடித்துவிட்டன. பயனர் பெயர், கடவுச்சொல்லைப் பாருங்கள்.

இணைந்த பிறகு தரவு போகாததுதான் அதிகம் பேரை அலைக்கழிக்கிறது. பதிவிறக்கம் ஒழுங்காக வருகிறது, ஆனால் பெரிய கோப்பை அனுப்பினால் பாதியில் சிதைகிறது என்றால் ஃப்ளோ கன்ட்ரோலை, அதாவது 'நிறுத்து', 'அனுப்பு' என்று சொல்லிக்கொள்ளும் ஏற்பாட்டைச் சந்தேகியுங்கள். கணினியை மோடத்தோடு இணைக்கும் சீரியல் போர்ட் 115200-ல் இருந்தால், ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட் உட்பட 10 பிட் என்ற கணக்கில் கணினி விநாடிக்கு 11520 பைட்டைத் தள்ளும். 33600 லைன் ஏற்பது சுமார் 4000. நடுவில் இருக்கும் மோடத்தின் நினைவகம் சில விநாடிகளில் நிரம்பிவிடும். 'நிறுத்து' என்று அது சொல்வது சிடிஎஸ் கம்பி வழியாக. 9 முள் பிளக்கில் அது 8-ஆம் முள், கணினி அதே சைகையை மோடத்துக்குத் தரும் ஜோடிக் கம்பி ஆர்டிஎஸ் 7-ஆம் முள். மூன்றே கம்பி உள்ள மலிவான கேபிளில் இந்த இரண்டும் இருக்காது. நிறுத்தச் சொல்ல வழியில்லை, பைட்டுகள் கொட்டிப்போகின்றன. கேபிளை மாற்றி, கணினி, மோடம் இரண்டிலும் ஆர்டிஎஸ்-சிடிஎஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் முறை வேண்டாம். அது 17, 19 என்ற பைட்டுகளைச் சைகையாக விழுங்கிவிடும். உரைக் கோப்பு தப்பிக்கும், ஜிப் கோப்பு கெடும்.

பழைய கணினியில் தலைகீழாக, பெறும்போது பிழை வந்தால் சீரியல் சிப்பைப் பாருங்கள். 115200-ல் 87 மைக்ரோ விநாடிக்கு ஒரு பைட் வரும். 8250, 16450 சிப்புகளால் ஒன்றைத்தான் பிடித்து வைக்க முடியும். 16550ஏ 16 பைட்டைப் பிடித்து வைக்கும்.

இப்போது மிக அதிகமாகத் தொல்லை தருவது வேறொன்று. தொலைபேசி நிறுவனங்கள் செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் பெட்டியை வைக்கின்றன. அதன் பின்னால் அதே போன் துளை இருப்பதால், ஒன்றும் மாறவில்லை என்றே பயனர் நம்புகிறார். உள்ளே குரல் சிறு தரவுத் துண்டுகளாக, அதாவது பாக்கெட்டாகப் போகிறது. ஜி.729 போன்ற குரல் சுருக்க முறை இருந்தால் மோடத்தின் ஒலி அடையாளமே தெரியாமல் போகும், மேலே சொன்ன 64000 பிட் முறையான ஜி.711 கட்டாயம். மௌனத்தை வெட்டும் வசதியை அணைக்க வேண்டும். பதில் சொல்லும் மோடம் எழுப்பும் 2100 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்டதும் எதிரொலி நீக்கி விலகிக்கொள்ள வேண்டும். முன்பின்னாக வரும் பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்துச் சீராக விடும் ஜிட்டர் பஃபர் நிலையான அளவில் இருக்க வேண்டும். மோடத்தை 9600 அல்லது அதற்கும் கீழே பூட்டி வைப்பது பாதுகாப்பு. இன்னொன்றும் உண்டு. செம்பு லைனுக்கு நிலையத்திலிருந்தே 48 வோல்ட் வந்தது. இந்தப் பெட்டி மின்வெட்டில் அணைந்துவிடும், கூடவே எச்சரிக்கைப் பெட்டியும் ஊமையாகிவிடும். பேட்டரி இல்லாமல் இதை மாட்டிவிட்டுப் போவது பெரும் தவறு.

செம்பை எடுக்கும் முன், அந்த லைனில் மோடம் உள்ள கருவி ஏதும் இருக்கிறதா என்று நிறுவனங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மாற்றிய பிறகு அந்தக் கருவியை வைத்தே சோதித்துக் காட்ட வேண்டும். இரண்டு நிமிட அழைப்பு அதற்குப் போதாது. இரு முனைகளின் கடிகாரங்களும் பத்து லட்சத்தில் 50 பங்கு விலகியிருந்தால், 400 விநாடியில் 20 மில்லி விநாடி, அதாவது வழக்கமான ஒரு பாக்கெட்டின் அளவு, வித்தியாசம் சேர்ந்துவிடும். பெட்டி அப்போது ஒரு பாக்கெட்டைத் தவிர்க்கும் அல்லது கூட்டும். பேசுபவருக்கு அது தெரியாது; மோடம் தடுமாறி, லைனுக்குத் தன்னைப் பொருத்திக்கொள்ளும் பயிற்சிக்கு மறுபடி போகும், அல்லது அறுந்துவிடும். ஏறத்தாழ சம இடைவெளியில் இணைப்பு அறுந்தால் இதுதான் காரணமாக இருக்கும். எனவே சோதனை அழைப்பு அரை மணி நேரமாவது ஓட வேண்டும்.

இப்படிக்கு,
மோடம் இணைப்புகளைப் பராமரிக்கும் வாசகர்