காலணியில் ஒட்டும் விதையும் ஆபத்துதான்

ஐயா,

அண்டார்க்டிகாவை நோக்கிய தெற்கு அட்லாண்டிக் கடலில் உள்ள தெற்கு ஜார்ஜியா தீவைச் சுற்றிவரும் கப்பல் பயணம் பற்றிய தங்கள் கட்டுரையில் ராஜ பென்குயின் படங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால், கரையிறங்குமுன் நடக்கும் சோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சீல், திமிங்கில வேட்டைக் கப்பல்களோடு வந்த எலிகள், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. உலகில் வேறெங்கும் இல்லாத தெற்கு ஜார்ஜியா நெட்டைக்காலி என்ற சிறு பறவை, எலி எட்டாத மூலைகளில் ஒதுங்கியே பிழைத்தது. ஹெலிகாப்டரில் பல ஆண்டுகள் நஞ்சுணவு தூவிய பிறகு, 2018-இல்தான் எலிகள் ஒழிந்ததாக அறிவித்தார்கள். இப்போது அந்தச் சிறு பறவை மீண்டும் பல்கியிருக்கிறது. எத்தனை பெரிய மீட்பு!

வெளியிலிருந்து வேறு எந்த உயிரும் இனி நுழைந்துவிடக் கூடாது என்பதால்தான் பயணிகளின் காலணி இடுக்குகளையும் பை மடிப்புகளையும் துருவிப் பார்த்து, ஒட்டியிருக்கும் புல் விதையைக்கூட எடுக்கச் சொல்கிறார்கள். 2023-இல் பறவைக் காய்ச்சல் அங்கும் பரவியபின் கெடுபிடி இன்னும் கூடியது, அது நியாயமே.

லட்சக்கணக்கில் செலவழித்துப் போகிறவர்கள் இதைத் தொல்லையாக நினைக்கக் கூடாது. பயண விளம்பரங்களும் பென்குயினை 'தொட்டுவிடும் தூரத்தில்' காட்டுவதாக ஆசை காட்டாமல், விலகி நிற்கும் விதியை முதலிலேயே அச்சிட வேண்டும்.

- வாசகி, திருச்சி