உடைக்க மாட்டேன், அக்கா

அக்கா,

கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் இறந்த நாளான ஜனவரி 26 அன்று நீ போன் செய்வாய். கோபியைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, அவர் படம் போட்ட நம் அட்டைக்கு வருவாய். பெட்டியை உடைத்து எடுத்து, வேறு இடத்தில் புதிதாகத் தரம் போடக் கொடுக்கலாம் என்பாய். அதற்கு முன்பே பதிலை எழுதிவிடுகிறேன். பெக்கெட் நிறுவனம் 9 என்று தரம் போட்டு அட்டையை மூடித் தந்த அந்தப் பிளாஸ்டிக் பெட்டியை, அந்த ஸ்லாபை, நான் உடைக்க மாட்டேன். அம்மாவும் அத்திம்பேரும் இதைப் படிப்பார்கள், அதனால் பணம் எதற்கு என்ற பேச்சை இங்கே எடுக்கவில்லை.

நீ சொல்வது புரியாமல் இல்லை. அதே 9, அட்டைகளுக்குத் தரம் போடும் இன்னொரு நிறுவனமான பிஎஸ்ஏவின் லேபிளில் இருந்தால் பெரும்பாலும் விலை கூடும். அங்கே 9க்கு மேல் நேராக 10தான், நடுவில் 9.5 கிடையாது. 10 மட்டும் விழுந்துவிட்டால் எங்கேயோ போய்விடும். ஆனால் நம் லேபிளைப் படித்துப் பார். படம் நடுவில் இருப்பதற்கு, அதாவது சென்டரிங், 9, கார்னர் 9.5, சர்ஃபேஸ் 9, ஓரத்துக்கு, அதாவது எட்ஜ், 8.5. பிஎஸ்ஏ இப்படிப் பிரித்து அச்சடிக்காது என்பதற்காக இடது ஓரத்தில் இருக்கும் அந்த வெள்ளைப் பொட்டு அவர்கள் கண்ணில் படாமல் போகுமா?

அந்தப் பொட்டு எப்படி வந்தது என்று நீ கேட்டதே இல்லை.

அன்று நள்ளிரவு தாண்டியிருந்தது. ஜிம்கானாவில் ஆடிவிட்டு வந்து, முழங்காலில் ஐஸ் பையோடு அப்படியே தூங்கிப்போயிருந்தாய். நான்தான் எழுப்பினேன். கலிஃபோர்னியாவில், கலாபாசாஸில், கோபி போன ஹெலிகாப்டர் விழுந்துவிட்டது என்றேன். அவர் மகள் ஜியானாவும் அதில் இருந்தாள், 13 வயது, என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. நீ அழவில்லை. பீரோவைத் திறந்து, அந்த அட்டையை, 1996 டாப்ஸ் குரோமை, உறையிலிருந்து வெறும் கையால் எடுத்தாய். பின்பக்கத்துப் பொடி எழுத்தையெல்லாம் ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தாய். உன் கட்டைவிரல் நகம் இடது ஓரத்தில் அழுந்தி வெளுத்திருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த நேரத்தில் 'அக்கா, விரலை எடு' என்று யாரால் சொல்ல முடியும்?

மன்னித்துக்கொள், பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு அந்த 8.5 மேல் ஒரு குறையும் இல்லை. விலை ஏறிக்கொண்டிருந்தபோது, செத்தவர் பேரில் காசு பார்க்க மாட்டேன் என்று சொன்னவள் நீ. குடும்ப குரூப்பில் எல்லார் முன்னாலும் 'எனக்கு வாங்கினதுதானே' என்று எழுதியவளும் நீதான். மாட்டுங்காவில் ஒவ்வொரு மழைக்காலமும் சிலிக்கா ஜெல்லை மாற்றி வைப்பது யார் என்று அந்த குரூப்பில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சரி, விடு.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்துக் குரோம் அட்டைகளுக்கு வயதானால் பச்சை படரும், உனக்கே தெரியும். டேபிள் விளக்கில் சாய்த்துப் பார்த்தால் நம் அட்டையிலும் லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஜெர்சியின் மஞ்சள் முன்பு இருந்த மஞ்சள் இல்லை. லேபிளில் இருக்கும் சர்ஃபேஸ் 9 அன்றைக்குப் பார்த்துப் போட்டது. ஸ்லாபை உடைத்துவிட்டால் அந்த 9ஐக் காட்டி யாரிடமும் பேச முடியாது. புதிதாகப் பார்க்கிறவர் 8 போட்டால் 8, 7 போட்டால் 7. பெக்கெட் எண்ணைப் பார்த்தால் பிஎஸ்ஏக்காரர்கள் மனதில் முன்கூட்டியே ஒரு எண் விழுந்துவிடும் என்று யாரோ உன்னிடம் சொன்னார்களாம். இருக்கலாம். அதற்காகக் கையில் இருப்பதை நான் பணயம் வைக்க மாட்டேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது? நியூஜெர்சி குளிரில் வலி அதிகம் என்று அம்மா சொன்னாள். என்னிடம் நீ சொல்லவே இல்லை.

மார்ச்சில் வரும்போது அட்டையை உன்னிடமே தருகிறேன், கையிலேயே எடுத்துப் போ. பிஎஸ்ஏவுக்கு கிராஸ்ஓவரில், அதாவது உடைக்காமல் ஸ்லாபோடு, அனுப்பு. கேட்ட கிரேடு வரவில்லை என்றால் அதே ஸ்லாபில் திரும்பி வந்துவிடும், கட்டணம்தான் போகும், அதில் பாதி நான் தருகிறேன். படிவத்தில் குறைந்தபட்ச கிரேடு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 9 என்று எழுது. காலியாக விட்டுவிடாதே.