உப்பில்லா வீட்டாருக்கு ஒரு நன்றி மடல்

எத்தியோப்பியாவின் சாஷமனே நகரில் 2020 மார்ச் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை எங்கள் குடும்பத்துக்கு இடமும் சோறும் தந்தவர்களுக்கும், தொலைவில் இருந்தபடியே கைகொடுத்த நண்பர்களுக்கும்,

வணக்கமும் ஸ்தோத்திரமும்.

இந்த மடல் தாமதமாக வருவதற்குக் காரணம் என் மனைவி. பட்ட கடனை முழுவதும் அடைத்துவிட்டு எழுதுங்கள், அதற்கு முன்னால் எழுதினால் தவணை கேட்கிற கடுதாசி போல இருக்கும் என்று சொல்லிவிட்டார். மளிகைக் கடைக்காரருக்குத் தர வேண்டிய கடைசி பாக்கியும் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்த பிறகே எழுத உட்கார்ந்தேன். ஆங்கிலப் படி உங்களுக்குத் தனியே வருகிறது. இதைத் தமிழிலும் எழுதுவது எங்கள் ஊராருக்காக. எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசியைக் கடவுளாகக் கொள்கிற, ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தாஃபாரி சமயத்தாரான உங்களைப் பற்றி அவர்கள் அறிந்திருப்பதெல்லாம் சடைமுடி, புகை, ரெகே இசைப் பாடகர் பாப் மார்லி படம் போட்ட பனியன் என்ற மூன்றோடு நின்றுவிடுகிறது. நாங்கள் கண்டதை நாலு பேர் அறியச் சொல்லாமல் விட்டால் உங்கள் சோற்றைத் தின்றதற்குப் பொருளில்லை.

எங்கள் நிலையை ஊராருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எத்தியோப்பியாவில் இந்திய வாத்தியார் என்பது புதிய சங்கதி அல்ல. பேரரசர் ஹைலே செலாசியின் காலத்திலேயே அந்நாட்டுப் பள்ளிகளுக்குக் கேரளத்திலிருந்து ஏராளமானோர் வரவழைக்கப்பட்டார்கள். பின்னாளில் பல்கலைக்கழகங்கள் பெருகியபோது தமிழ்நாட்டிலிருந்தும் விரிவுரையாளர்கள் போனார்கள். அப்படிப் போன நான் நாட்டின் தென்பகுதியில் ஐந்தாண்டுகள் பாடம் நடத்தினேன். 2020 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது. கடைசி இரண்டு மாதச் சம்பளம் பின்னால் வரும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை, அதைப் பற்றி இங்கே மேலும் பேசப்போவதில்லை. கட்டிலையும் பீரோவையும் விற்று, குடியிருப்பைக் காலி செய்து, மார்ச் 24-ஆம் தேதி விமானத்துக்குச் சீட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மார்ச் 22 முதல் இந்தியா வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. அந்தச் செய்தி எங்களை எட்டியபோது, அடிஸ் அபாபாவுக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தெற்கே, பல சாலைகள் கூடுகிற சாஷமனேயில் ஒரு விடுதி அறையில் நாலு பெட்டிகளோடு இருந்தோம். சில நாள்களில் ஊர்விட்டு ஊர் செல்லும் வண்டிகளும் நின்றுபோயின. காலி செய்த வீடு பின்னால், மூடிய வானம் முன்னால்.

ஒன்பதாம் நாள் விடுதிக்காரர் அறையைக் காலி செய்யச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்நாள்களில் வெளிநாட்டு முகத்தைக் கண்டாலே தெருப் பிள்ளைகள் "கொரோனா, கொரோனா" என்று கத்துவார்கள், அவர் பயந்துவிட்டார். வாசலில் நின்றிருந்த ஆட்டோ ஓட்டுநரே, உங்களுக்குத்தான் முதல் நன்றி. உங்கள் ஊரில் ஆட்டோவுக்குப் பெயரே "பஜாஜ்"; எங்கள் நாட்டில் செய்து உங்கள் நாட்டில் ஓடுகிற அந்த வண்டியில், எங்கே போகவேண்டும் என்று எனக்கே தெரியாத நேரத்தில், பெட்டிகளை ஏற்றிக்கொண்டு "ஜமைக்கா செஃபர்" என்ற ரஸ்தாஃபாரியர் குடியிருப்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டீர்கள். நீட்டிய நோட்டை வாங்காமல் என் மகனின் சட்டைப்பையிலேயே திணித்துவிட்டுப் போனீர்கள்.

அம்மா, பச்சை, மஞ்சள், சிவப்பு அடித்த தகரக் கதவைத் திறந்து, "எத்தனை நாளைக்கு?" என்று நீங்கள் கேட்டது நினைவிருக்கிறது. ஒரு வாரம் இருக்கும் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். ட்ரினிடாடிலிருந்து நீங்கள் வந்து இறங்கியபோதும் ஆவணங்கள் கைக்கு வர ஒரு வாரம் ஆகும் என்றுதான் யாரோ சொன்னார்களாம். அதற்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன என்றீர்கள். உங்கள் தாயின் பாட்டி மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர் என்பதை மூன்றாம் நாள்தான் சொன்னீர்கள். அதற்காக எங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று வலியுறுத்தியும் சொன்னீர்கள்.

உங்கள் சமையலைப் பற்றி ஒளிக்காமல் எழுதவேண்டும். ரஸ்தாஃபாரியர்களின் "ஐட்டல்" உணவில் இறைச்சி இல்லை, டப்பாவில் அடைத்தது இல்லை, உங்கள் வீட்டு வழக்கப்படி உப்பும் இல்லை. முதல் நாள் முளைக்கீரையை மிளகாயும் வெங்காயமும் சேர்த்து மசித்து வைத்தீர்கள். ஜமைக்காக்காரர்களின் "கலலூ" நம்ம ஊர்க் கீரை இனம்தான் என்று கண்டுகொண்ட மகிழ்ச்சி முதல் வாயோடு போயிற்று. என் மனைவி பெட்டிக்குள் வைத்திருந்த உப்புப் பொட்டலத்தைப் பிள்ளைகளுக்காக மறைவாகப் பிரித்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மேசையில் எங்கள் பக்கத்தில் ஒரு சிறு மண்கிண்ணத்தில் உப்பு இருந்தது. கடைசி நாள் வரை அந்தக் கிண்ணம் குறையாமல் இருந்தது. உங்கள் வீட்டார் ஒருவரும் அதைத் தொட்டதில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது எங்கள் பழமொழி. தான் உண்ணாத உப்பைப் பிறருக்காக வாங்கி வைத்தவரை எத்தனை நாள் நினைப்பது என்று அதில் சொல்லவில்லை.

பெரியவரே, உங்களைப் பற்றி எழுதத்தான் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த ஐந்து மாதங்களில் எங்கள் வீட்டின் உடைந்த பகுதியைச் சரிசெய்தவர் நீங்கள். ஒன்பது வயது மகன் விடுதியை விட்டு இறங்கிய நாளிலிருந்து பேச்சைக் குறைத்து, இரவில் விழித்தே கிடந்தான். நீங்கள் அவனிடம் எதையும் கேட்கவில்லை. நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வேதாகமத்தை வரிசையாக வாசிக்கிற உங்கள் வழக்கப்படி ஒரு மாலையில் சங்கீதம் 137 வந்தது. "பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்" என்று என் மனைவி தமிழில் கூடவே முணுமுணுத்தார், சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவருக்கு அது மனப்பாடம். நீங்கள் வாசிப்பதை நிறுத்தி, அதைத் தமிழிலேயே முழுவதும் சொல்லச் சொன்னீர்கள். அந்தச் சங்கீதத்தை ஜமைக்காவின் ரஸ்தாஃபாரியர்கள் பாடி, அது உலகமெல்லாம் சுற்றி, எங்கள் ஊர்க் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி வரை வந்த கதை எனக்குத் தெரியும். ஆனால் அது நாடு கடத்தப்பட்டவன் பாட்டு என்று அன்றுவரை தோன்றியதே இல்லை. ஏதோ கூத்துப் பாட்டு என்றே நினைத்து ஆடியிருக்கிறோம்.

பிறகு உங்கள் வழிபாட்டு முரசுகள் மூன்றையும் வெளியே எடுத்தீர்கள். பெரிய பேஸ் முரசு ஒன்றடித்து ஓய்கிறது. ஃபுண்டே இரண்டிரண்டாக, மார்புக்குள் கேட்கிற அதே நடையில், விடாமல் போகிறது. ரிப்பீட்டர் அவற்றின் மேலேறித் தன் இஷ்டத்துக்குப் பேசுகிறது. ஃபுண்டேயை என் மகன் மடியில் வைத்து, அவன் கையின் மேல் உங்கள் கையை வைத்தீர்கள். "இதை அடிக்கிறவன் அலங்காரம் பண்ணக்கூடாது, நிறுத்தவும் கூடாது, மற்றவர்கள் தொலைந்துபோனால் இதைக் கேட்டுத்தான் திரும்பி வருவார்கள்" என்று சொன்னீர்கள். ஒரு மணி நேரம் அவன் நிறுத்தவில்லை. அன்றிரவு தூங்கினான்.

மின்சாரம் இருந்த மாலைகளில் ரெகே கேட்டோம். முரசு தாய், ரெகே பட்டணத்துக்குப் போன பிள்ளை என்பது உங்கள் கணக்கு. என் மகளுக்கு ஆங்கிலப் பாடம் நடத்துவதாகச் சொல்லி, ஹைலே செலாசி 1963 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் ஆற்றிய உரையை உரக்க வாசிக்க வைத்தீர்கள். வாசித்து முடித்ததும், 1976-இல் பாப் மார்லி பாடிய பாட்டை ஓடவிட்டீர்கள். ஏறத்தாழ அதே சொற்கள். பள்ளிக்கூடம் மூடிக்கிடந்த அந்த ஆண்டில் அவள் கற்ற பாடங்களில் இப்போதும் மறக்காதது அது ஒன்றுதான் என்கிறாள்.

உங்கள் விசுவாசத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டோம் என்று எழுதினால் அது பொய்யாகும், பொய்யை நீங்களும் விரும்பமாட்டீர்கள். 1930 நவம்பரில் ஹைலே செலாசி என்ற பெயரோடு முடிசூடிய ராஸ் தஃபாரி என்ற மன்னரைக் கடவுளாகக் கொள்ள எங்களால் முடியவில்லை. அதே பேரரசரைப் பற்றி ஓரோமோ இனத்தவரான ஆட்டோ ஓட்டுநர் வைத்திருந்த கருத்தும் வேறு. தம் பாட்டன்மார் உழுத மண்ணை அவர் யாருக்கோ எழுதிக்கொடுத்தார் என்பது அவர் வருத்தம். அதில் நியாயம் இருக்கிறது என்று நீங்களே ஒரு நாள் ஒப்புக்கொண்டதால் உங்கள்மேல் எனக்கு மதிப்பு கூடியது. உங்கள் புகையைப் பற்றியும் எங்கள் உறவினர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகள் எதிரே அதை நீங்கள் தொட்டதில்லை. "கஞ்சா" என்ற அதன் பெயரே இந்தியக் கூலிகளோடு கரீபியத்துக்குக் கப்பலேறிப் போன சொல் என்பதை அவர்களுக்குச் சொல்லி வாயடைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றை உங்களிடமிருந்து முழுவதுமாக எடுத்துக்கொண்டோம். பேரரசர் கருப்பின மக்கள் திரும்பி வருவதற்கென்று ஒதுக்கிய ஏறத்தாழ 200 ஹெக்டேர் நிலத்தை நம்பி வந்தவர்கள் நீங்கள். 1974-இல் அவர் பதவி பறிக்கப்பட்டார், 1975-இல் நிலமெல்லாம் அரசுடைமையாயிற்று, உங்களுக்கு எஞ்சியது சொற்பம். அங்கேயே பிறந்த உங்கள் பிள்ளைகளுக்கும் நெடுங்காலம் எந்த நாட்டு ஆவணமும் இல்லை. அடையாள அட்டை தருவதாக அரசு அறிவித்ததே 2017-இல்தான். நாங்கள் தூதரகத்தின் மின்னஞ்சலுக்காக நாளெல்லாம் கைபேசியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் தோட்டத்தில் காப்பிச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தீர்கள். காப்பி பலன் தர மூன்று நான்கு ஆண்டு ஆகுமே என்று கேட்டேன். "ஆமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, எனக்கும் ஒரு மண்வெட்டி கொடுத்தீர்கள். காத்திருக்கிற வேலையை உங்களைப்போல் தெரிந்தவர்களை நான் கண்டதில்லை. யாராவது நலம் விசாரித்தால் எங்கள் சபையார் "ஸ்தோத்திரம்" என்பார்கள். நீங்கள் "கிவ் தேங்க்ஸ்" என்பீர்கள். கையில் ஒன்றும் இல்லாத நாளிலும் அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வந்தது உங்கள் வீட்டில்தான்.

ஜூன் 29 இரவு ஓரோமோ இனத்தின் புகழ்பெற்ற பாடகர் ஹச்சாலு ஹுண்டேசா சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து சாஷமனேயில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. இணையம் மூன்று வாரம் போல இல்லை. புகை தெரிந்த அந்த நாள்களில், எங்களைப் பின்கட்டு அறையில் வைத்து, வாசலில் இரவெல்லாம் முறை வைத்து உட்கார்ந்திருந்த இளைஞர்களே, உங்களில் மூவரின் முகங்கள்தான் எனக்குத் தெரியும், எல்லோருக்கும் நன்றி. சந்தை திறக்காத வாரத்தில் மாவையும் பருப்பையும் சுவர்மேலாக நீட்டிய மளிகைக் கடைக்காரரே, உங்கள் கணக்கு நோட்டில் எங்கள் பெயர் "இந்தியா" என்றே இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு தெரு நடந்து வந்து, தொற்று பயமிருந்தும் தொட்டுப் பார்த்த செவிலியருக்கும், பக்கத்து நகரமான ஹவாசாவிலிருந்து வங்கி வழியாகப் பணம் அனுப்பிவிட்டு அதைப் பற்றி ஒரு சொல் பேசாத மலையாள ஆசிரியருக்கும், விமானச் சீட்டுக்குத் தம் மனைவியின் வளையலை அடகு வைத்த திருச்செந்தூர் நண்பருக்கும் எங்கள் கடன் பணத்தோடு தீரவில்லை. இணையம் வந்த மறுநாளே, நாடு திரும்புவோர் பட்டியலில் எங்கள் பெயர் விடுபட்டிருப்பதைக் கண்டு தாமாகவே தொலைபேசியில் அழைத்த தூதரக ஊழியர் யாரென்று தெரியவில்லை. குரல் மட்டும் நினைவிருக்கிறது, அவருக்கும் நன்றி.

ஆகஸ்டில் சிறப்பு விமானத்தில் தில்லி வந்து, தனிமை முகாமில் நாள் கழித்து, இ-பாஸ் எடுத்து ஊர் வந்து சேர்ந்தோம். எனக்கு இப்போது நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை. மகள் கல்லூரியில் படிக்கிறாள். அம்மா, உங்கள் மண்கிண்ணம் எங்கள் பெட்டிக்குள் எப்படி வந்தது என்று இன்றும் எங்களுக்கு விளங்கவில்லை. நீங்கள் வைத்ததாகத்தான் இருக்கவேண்டும். உப்பு அதில்தான் இருக்கிறது.

பெரியவரே, நீங்கள் கொடுத்தனுப்பிய அளவுகளை வைத்து மகன் இங்கே ஒரு தச்சரைக்கொண்டு ஃபுண்டே செய்துகொண்டான். ஆட்டுத்தோல் எங்கள் ஊர் மழைக்குத் தளர்ந்துவிடுகிறது. அடுப்படியில் எவ்வளவு தள்ளி, எவ்வளவு நேரம் வைக்கவேண்டும் என்று நீங்கள் சொன்னதை மறந்துவிட்டானாம். கேட்டு எழுதச் சொன்னான். ஐப்பசி வருவதற்குள் பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
நாலு பெட்டிகளோடு வந்து இறங்கிய குடும்பத்தினர்