பழுப்புத்தாளில் வந்த சேஸிஸ்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

எங்கள் வண்டி, இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவ ஜி.எம்.சி. லாரி, தப்பித்துவிட்டது. காகிதங்கள் கையெழுத்தாகி நேற்று கைக்கு வந்தன. இனி கேஸ் கட்டர் அதன் பக்கமே போகாது. நடந்தது என்ன, யார் யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரியும். அதைக் கிளற இப்போது மனமில்லை. படபடப்பு அடங்குவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பலருக்குச் சொல்ல வேண்டும். ஆனால் முதல் நன்றியும் பெரிய நன்றியும் ஒருவருக்குத்தான். பெயர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஐயா, பெயரைப் போடவில்லை. நீங்கள் அனுப்பிய பழுப்புத்தாளைப் பற்றிப் பேசாமல் இருக்க மட்டும் எங்களால் ஆகாது.

முழு விவகாரமும் ஒரே கேள்வியில் வந்து நின்றது: இந்த ஜி.எம்.சி. லாரி, நாங்கள் சொன்னபடி, பிறவியிலேயே குட்டையா, எதிர்த்தரப்பு சொன்னபடி பிறகு யாரோ வெட்டிக் குட்டையாக்கியதா? 1941 முதல் 1945 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட, சி.சி.கே.டபிள்யூ. என்று பெயரிட்ட இந்த இரண்டரை டன் ஜி.எம்.சி. வண்டிகளில் பெரும்பாலானவை 353 என்ற நீள மாதிரி. அதன் சக்கர இடைவெளி 164 அங்குலம். பீரங்கி இழுக்கவும் அதுபோன்ற வேலைகளுக்கும் செய்த 352 மாதிரிக்கு 145 அங்குலம். எண்ணிக்கையிலும் அது குறைவு. போர் முடிந்து ராணுவம் கழித்துக்கட்டிய வண்டிகளை வாங்கியவர்கள், தங்கள் வேலைக்குத் தோதாகச் சேஸிஸை (வண்டியின் அடிச்சட்டத்தை) வெட்டினார்கள், ஒட்டினார்கள், நீட்டினார்கள். ஆகவே அளவு நாடா 145 காட்டிவிட்டது என்பதை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. நடுவில் 19 அங்குலத்தை எடுத்துவிட்டால் 353-உம் 145 காட்டும். (அந்த அளவையே தப்பாக எடுப்பவர்கள் உண்டு. முன் அச்சின் நடுவிலிருந்து முதல் பின் அச்சு வரை அளக்கக் கூடாது. பின்னால் உள்ள இரண்டு அச்சுகளுக்கும் சரிபாதியான புள்ளி வரை அளக்க வேண்டும். இரு பக்கமும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறித்து அளப்பதுதான் சரி.)

டாஷ்போர்டில் இருக்கும் பித்தளைத் தகடு உதவாதா என்று பலர் கேட்டீர்கள். உதவும், ஆனால் தனியாக நின்று சாட்சி சொல்லாது. புதிதாக அச்சடித்த நகல் தகடுகள் தாராளமாகக் கிடைக்கின்றன. உண்மையான தகடு என்றால் அதில் ஒரு நல்ல குறிப்பு இருக்கும். 1943 வரை தயாரிப்பாளர் பெயர் எல்லோ டிரக் அண்ட் கோச். அந்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் அதை முழுதாக எடுத்துக்கொண்ட பிறகு ஜி.எம்.சி. டிரக் அண்ட் கோச் டிவிஷன். பழைய பெயர் உள்ள தகடு பிந்தைய காலத்துத் திறந்த கேபினில் இருந்தால், ஏதோ ஒன்று வேறு வண்டியிலிருந்து வந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். எங்கள் வண்டியில் தகடும் மூடிய இரும்புக் கேபினும் ஒத்துப்போயின. அப்படியும், தகட்டைக் கழற்றி மாட்ட நாலு ஸ்குரூ போதும் என்று எதிர்த்தரப்பில் சொன்னார்கள். சொன்னதில் நியாயம் இருக்கிறது.

அப்போதுதான் அந்தப் பழுப்புத்தாள் சுருள் வந்தது. நாங்கள் கேட்கவில்லை. அதை அனுப்பிய ஐயாவிடம் யாரும் வெட்டாத, ஒட்டாத ஒரு 352 இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. எங்கள் வண்டியின் புகைப்படத்தைப் பார்த்தவர், தன் வண்டிக்கடியில் போய்ப் படுத்து, இடப்பக்கச் சேஸிஸ் சேனலை (அடிச்சட்டத்தின் நீளவாட்டு இரும்புச் சட்டத்தை) முன் கமான் பட்டையின் பின் பிராக்கெட்டிலிருந்து பின் அச்சுகளின் தாங்கி வரை அச்சு அசலாக, ஒன்றுக்கு ஒன்று அளவில், பழுப்புத்தாளில் எடுத்து அனுப்பினார். தாளைச் சேனல்மேல் காந்தங்களால் நிறுத்தி, தட்டையாகச் சீவிய பென்சிலால் தேய்த்தால் ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பும் ரிவெட்டின் தலையும் தானாகத் தெரியும். சேஸிஸ் நம்பருக்குப் பிரிண்ட் எடுக்கிற அதே வித்தைதான். அதை ஓர் ஆள் நீளத்தையும் தாண்டி, எண்ணெயும் மண்ணும் முகத்தில் உதிர உதிரச் செய்வது வேறு கதை.

அந்தத் தாளின் அருமை கோடுகளில் மட்டும் இல்லை. ரிவெட் எல்லாம் நீலம், போல்ட் சிவப்பு, காலியான ஓட்டை கறுப்பு. தாளின் ஓரத்தில் 1000 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. தாள் ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும். முதலில் இந்தக் கோட்டை உங்கள் இரும்பு ஸ்கேலில் அளந்து வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்திலேயே குறிப்பு. கோடு இரண்டு மில்லிமீட்டர் குறைவாகக் காட்டியது. அந்தக் குறிப்பு இல்லாமல் ஒப்பிட்டிருந்தால் சேனலின் கடைசியில் இருக்கும் ஓட்டைகள் ஒத்துப்போகவில்லை என்று முடிவு கட்டியிருப்போம்.

அவர் எழுதிய வரிசையிலேயே சோதித்தோம். வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் விவரமாகவே சொல்கிறோம்.

முதலில் சுத்தம். கிரைண்டர் கூடாது, மணல் வீச்சு கூடாது. மண்ணெண்ணெய், பித்தளை பிரஷ், பிறகு பெயின்ட் ரிமூவர். கிரைண்டர் பட்டால் இரும்பு பளிச்சென்று தெரியும், தேடிய சாட்சி போய்விடும். அடுத்து ஓட்டைகள். தொழிற்சாலையில் பஞ்ச் செய்த ஓட்டைக்கு ஒரு பக்க விளிம்பு லேசாக உள்வாங்கி வழவழப்பாகவும், மறுபக்கம் கூர்மையாகவும் இருக்கும். உள்சுவரில் பழைய பிரைமர் ஒட்டியிருக்கும். பின்னால் டிரில் போட்ட ஓட்டையில் மறை ஓடியதுபோல் கீறல் தெரியும், பிரைமர் இருக்காது. கேஸில் ஊதிய ஓட்டை பார்த்தாலே தெரியும், அரம் போட்டால் விளிம்பு இறுகிப்போய் வழுக்கும். 352-இல் கேபினுக்கும் சரக்குப் பெட்டிக்கும் நடுவே உதிரிச் சக்கரம் நிற்கும். அதன் தாங்கிக்கான ஓட்டைகள் தாளில் கறுப்பில் இருந்தன. எங்கள் சேனலில் பட்டியும் தாரும் அடைத்துக் கிடந்த ஓட்டைகளைக் குச்சியால் நோண்டியதும் அதே இடைவெளியில், உள்ளே பிரைமரோடு, அவையே வந்தன.

அடுத்தது கிராஸ் மெம்பர்கள், அதாவது இரு சேனல்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். தொழிற்சாலை அவற்றை ரிவெட் அடித்துச் சேர்த்தது. வெட்டி ஒட்டியவர்கள் பெரும்பாலும் போல்ட் போட்டோ வெல்டு வைத்தோ முடித்துவிடுவார்கள், ரிவெட் அடிக்க அவர்களுக்கு ஏது பொறுமை. இங்கே ரிவெட் தலைகள் எல்லாம் தாளில் உள்ள நீலப் புள்ளிகள்மேல் உட்கார்ந்தன. இன்ஜினின் சுழற்சியை அச்சுகளுக்குக் கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்டுகளையும் ஐயா பார்க்கச் சொல்லியிருந்தார். குழாயின் இரு முனையிலும்தான் வெல்டு இருக்க வேண்டும். குட்டையாக்கிய ஷாஃப்டில் ஒரு முனையின் வெல்டு வேறு கைவேலையாக இருக்கும், அல்லது குழாயின் நடுவே கூடுதலாக ஒரு வளையம் தெரியும். எங்களுடையதில் இல்லை.

கடைசிச் சோதனைதான் எதிர்த்தரப்பின் வாயை அடைத்தது. கைதேர்ந்தவர் வெட்டி ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் வெல்டு கண்ணுக்குத் தெரியாது. சேனலின் உள்பக்கத்தில் ஒரு சிறு பட்டையை மட்டும் 120, 240, 400 நம்பர் உப்புத்தாளால் படிப்படியாகக் கையால் மெருகேற்றி, எலெக்ட்ரானிக்ஸ் சர்க்கியூட் பலகை அரிக்கப் பயன்படும் ஃபெரிக் குளோரைடு கரைசலைப் பஞ்சில் தொட்டுத் தடவினால், வெல்டும் அதைச் சுற்றிச் சூடேறிய இரும்பும் வேறு நிறத்தில் தெரியும். வெல்டு இல்லையென்றால் ஒரே சாம்பல் நிறம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். முடிந்ததும் சோடா உப்பு கலந்த தண்ணீரால் கழுவி, துடைத்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். விட்டால் மறுநாளே துரு. கேபினின் பின்சுவரிலிருந்து பின் அச்சு வரை எல்லோர் முன்னிலையிலும் செய்தோம். ஒரே சாம்பல் நிறம்.

ஐயா, உங்களுக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. சொல்லப்போனால் வெட்டாத 352 இன்னொன்றும் இருக்கிறது என்று தெரிந்ததால் உங்கள் வண்டியின் அருமை கொஞ்சம் குறைந்தது. முன்பின் தெரியாதவர்களின் இரும்புக்காகப் படுத்து எழுந்திருக்கிறீர்கள். தொலைபேசியில் நன்றி சொன்னபோது பேச்சை மாற்றி, முன் அச்சு நக்கிளில் (சக்கரம் திரும்பும் மூட்டில்) கிரீஸ் கசிகிறதா என்று கேட்டீர்கள். கசிகிறது. சீல் மாற்றிவிடுகிறோம்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னிக்கவும். ஆவணங்களை இரவோடிரவாகப் படித்துக் கொடுத்த வழக்கறிஞருக்கு நன்றி. பணம் அனுப்பியவர்களுக்கு, அதிலும் குறைவாக அனுப்பியதற்கு வருத்தப்பட்டு எழுதியவர்களுக்கு நன்றி. பம்பரில் கொக்கி போடாமல் சேனலுக்கடியில் பெல்ட் விட்டுத் தூக்கிய கிரேன் ஓட்டுநருக்கு நன்றி. ஹப் நட் சாக்கெட்டைக் கடன் கொடுத்தவருக்கு, அது கிரீஸ் துடைத்துத் திரும்ப வரும். பிரேக் சிலிண்டர்களின் உள்சுவர் குழிவிழுந்திருப்பதைப் பார்த்து, தேய்த்துப் பெரிதாக்க வேண்டாம், உள்ளே ஸ்லீவ் (மெல்லிய குழாய்) போடலாம் என்று தடுத்து, லேத்தில் தானே கடைந்து தந்த நண்பருக்கும் நன்றி. ஓரளவுக்கு மேல் தேய்த்தால் ரப்பர் கப் சுவரைப் பிடிக்காது. இந்த வண்டியில் ஹைட்ராலிக் பிரேக் ஒரே சுற்றுதான், ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் பெடல் தரைக்குப் போய்விடும்.

ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றியபோது, இது 6 வோல்ட் வண்டி, 12 வோல்ட் கார் கேபிளைப் போட்டால் எப்படிச் சுற்றும் என்று கேட்டுவிட்டு 70 சதுர மில்லிமீட்டர் கேபிளை வெட்டிக் கொடுத்துப்போன பையனையும் மறக்கவில்லை. அதே வேலைக்கு வோல்டேஜ் பாதியானால் கரண்ட் இரட்டிப்பு. எர்த் பிடிக்கும் இடத்தைப் பெயின்ட் போகச் சுரண்டியதும் பாதி நோய் அங்கேயே தீர்ந்தது.

பானெட்டை மணல் வீச்சுக்கு அனுப்பாமல் நிறுத்திய அம்மாவுக்குத் தனியாக ஒரு வரி. அவர் சொன்னபடி 600 நம்பர் நீர்த்தாள், சோப்புத் தண்ணீர், சின்னச் சின்ன வட்டம், நிறம் மாறியதும் நிறுத்து. பழைய பெயின்டில் ஈயமும் குரோமேட்டும் இருக்கும், ஆகவே உலர்வாகத் தேய்க்கவே கூடாது. ஈரத்தில் தேய்த்தாலும் முகமூடி வேண்டும். மூன்றாவது அடுக்கில், மங்கிய பச்சைக்கு மேல் மங்கிய நீலத்தில் பதிவு எண் கிடைத்தது. 4-இல் தொடங்குகிறது, இந்த எடைவகை அமெரிக்க ராணுவ லாரிகளுக்கு அப்படித்தான். வெள்ளை எழுத்து பின்னால் வந்த வழக்கம். நீலம் அதற்கு முந்தைய வழக்கம். கடைசியில் எஸ் என்ற எழுத்து, ரேடியோவுக்கு இரைச்சல் தராதபடி மின்பாகங்களை அடக்கிய வண்டிக்கு வைப்பது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுத்திருக்கிறோம்.

இனி எங்கள் கையில் இருப்பவை. அந்த எண் உள்ள இடத்தின்மேல் பெயின்ட் படாது, மெழுகு மட்டும். மற்ற இடங்களுக்குப் பளபளப்பில்லாத ஆலிவ் பச்சைதான். இந்த லாரிகளைக் கல்யாணக் கார்போல மினுக்கிக் கொண்டுவருகிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாப் பக்கமும் வெள்ளை நட்சத்திரம் ஒட்டச் சொல்லிக் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கழற்ற வேண்டிய ரிவெட்டைக் கேஸில் ஊத மாட்டோம். தலையைச் சீவி, நடுவில் டிரில் விட்டுத் தட்டி எடுப்போம். பிரேக் பைப்பும் ஹோஸும் முழுக்கப் புதிதாகி, ஒரு ராத்திரி அழுத்தம் தாங்கிய பிறகுதான் சாலை. ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பழுப்புத்தாளைச் சுருங்காத பாலியஸ்டர் ஃபிலிமில் நகல் எடுத்தாகிவிட்டது. யார் கேட்டாலும் இலவசம். எந்த மாதிரி என்று சந்தேகப்படுகிறீர்கள், கேபின் மூடியதா திறந்ததா, முன்னால் வின்ச் (கம்பிவடம் சுற்றி இழுக்கும் கருவி) உண்டா என்று மட்டும் எழுதுங்கள். வின்ச் உள்ள வண்டியின் முன்பக்கம் வேறாக இருக்கும், அந்தப் பகுதிக்கு இந்தத் தாள் பொருந்தாது. வலப்பக்கச் சேனல் இன்னும் எடுக்கப்படவில்லை. ஐயா, அது எங்கள் வேலை. நீங்கள் மறுபடியும் வண்டிக்கடியில் போய்ப் படுக்க வேண்டாம்.